அடிபட்ட முட்டியோடு நடக்கிறீர்களா? முதலில் காலை நீட்டித் தூக்கிப் பாருங்கள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முட்டியில் அடிபட்டவர்கள் என்னிடம் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். "நடக்க முடியுதும்மா, அப்ப எலும்புக்கு ஒண்ணும் இல்ல" என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். எண்ணெய் போட்டு நீவி, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து, மெடிக்கலில் முட்டியில் மாட்டும் துணி உறை (நீ கேப்) ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு, அப்புறமும் வீக்கம் வடியவில்லை என்றால்தான் எக்ஸ்ரேவுக்குப் போகிறார்கள். முட்டிச் சில்லு, அதாவது முட்டிக்கு முன்னால் இருக்கும் வட்ட எலும்பு, உடைந்த பிறகும் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நாலு அடி நடந்துவிடலாம். அதனால் நடக்க முடிவதை வைத்துச் சில்லு நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எல்லா வீட்டுக்கும் இது தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

முட்டிச் சில்லு தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் எலும்பு இல்லை. தொடையின் முன்பக்கத் தசை கீழே இறங்கி ஒரு கெட்டியான நாராக முடிகிறது. அந்த நாருக்கு உள்ளேதான் சில்லு உட்கார்ந்திருக்கிறது. சில்லின் கீழ் முனையிலிருந்து இன்னொரு நார் கிளம்பி, முன்னங்கால் எலும்பில் முட்டிக்குக் கீழே கையில் தட்டுப்படும் அந்த மேட்டில் போய்ச் சேர்கிறது. விசைப்படகில் வலைக் கயிறு கப்பியில் ஏறி வருவதால் இழுப்பது எப்படிச் சுலபமாகிறதோ, அப்படித்தான் சில்லின் மேல் ஏறிப் போகும் நாரும். தொடைத் தசை குறைந்த பலத்திலேயே காலை நீட்டிவிடும். நாம் எழுந்து நிற்பது, படி ஏறுவது, பஸ்ஸில் கால் எடுத்து வைப்பது எல்லாம் இதை நம்பித்தான்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சில்லு குறுக்காக இரண்டாகப் பிளந்தால், மேல் துண்டைத் தொடைத் தசை மேலே இழுக்கும். கீழ்த் துண்டு முன்னங்காலோடு கீழேயே நின்றுவிடும். முட்டியை மடக்க மடக்க நடுவில் இடைவெளி பெரிதாகும். கை எலும்பு உடைந்தால் அசைக்காமல் வைத்தால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இங்கே உடைந்த துண்டைப் பிரித்து வைப்பது நம்முடைய சொந்தத் தசைதான்.

உடைவது இரண்டு விதமாக நடக்கும். முட்டி நேராகத் தரையிலோ, வண்டியிலோ, காரின் டேஷ்போர்டிலோ போய் மோதுவது ஒன்று. அப்படி மோதினால் சில்லு பல துண்டாக நொறுங்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது, முட்டி தரையைத் தொடாமலேயே உடைவது. படியில் கால் தவறுகிறது, விழாமல் இருக்கத் தொடைத் தசை ஒரே வேகத்தில் இறுக்கிப் பிடிக்கிறது, அந்த இழுப்பிலேயே சில்லு பிளந்துவிடும். "நான் கீழ விழவே இல்லையே" என்று இவர்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் சில்லு உடைந்திருக்கும்.

விழுந்தவுடன் என்ன பார்க்க வேண்டும்

மல்லாந்து படுங்கள். அடிபட்ட காலை நீட்டியபடி, பாதத்தை மேல் நோக்கி வைத்து, முட்டியை மடக்காமல் குதிகாலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கிப் பாருங்கள். யாரும் கைகொடுக்கக் கூடாது.

மீன் ஏலத்தில் கூடை சுமக்கும் அக்கா ஒருவர் என் கட்டிலில் படுத்து இதைச் செய்து பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். "தூக்குங்கக்கா" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தொடைத் தசை இறுகித் திரண்டது, முட்டிக்கு மேலே ஒரு மேடு கொஞ்சம் மேல்நோக்கி நகர்ந்தது. குதிகால் மட்டும் விரிப்பை விட்டு எழவே இல்லை. விரலை வைத்துத் தொட்டால் சில்லின் நடுவில் ஒரு பள்ளம். தசை வேலை செய்கிறது, ஆனால் அந்த இழுப்பு கீழே போய்ச் சேரவில்லை. நடுவில் அறுந்துவிட்டது.

குதிகால் எழவில்லை என்றால் அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில்லு உடைந்து விலகியிருக்கலாம், அல்லது மேலேயோ கீழேயோ நார் கிழிந்திருக்கலாம். வெறும் வலியால் தூக்க முடியாமலும் போகலாம். எது என்று வீட்டில் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. சரி, தூக்க முடிந்தது என்றால்? நிம்மதிதான், ஆனால் முழு நிம்மதி இல்லை. சில்லில் விரிசல் விட்டு, இரண்டு பக்கத்து நார்களும் பிடித்துக்கொண்டிருந்தால் கால் எழும். அதனால் சில்லின் மேல் விரலால் அழுத்தினால் எலும்பே வலிக்கிறது, நாற்காலியில் உட்காரும் அளவுக்குக்கூட முட்டி மடங்கவில்லை, நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, வயது 55 அல்லது அதற்கு மேல், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

வீக்கம் வரும் வேகத்தையும் கவனியுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி உப்பினால் உள்ளே ரத்தம் சேர்கிறது என்று அர்த்தம். மறுநாள் மெல்ல வரும் வீக்கம் பெரும்பாலும் வேறு வகை.

பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 8 வயதிலிருந்து 12 வயது வரை சில்லின் ஓரம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். பந்தை உதைக்கும்போதோ குதிக்கும்போதோ அந்தக் குருத்தெலும்பு உறை ஒரு சின்ன எலும்புத் துணுக்கோடு பிய்ந்து வந்துவிடலாம். எக்ஸ்ரேவில் குருத்தெலும்பு தெரியாது, அதனால் படம் நன்றாக இருப்பது போலவே இருக்கும். பிள்ளையால் காலைத் தூக்க முடியவில்லை என்றால், எக்ஸ்ரேவைக் காட்டி "ஒண்ணும் இல்ல" என்று சொன்னாலும் திரும்பக் கேளுங்கள். ஸ்கேன் தேவையா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

மருத்துவமனைக்குப் போகும்வரை

கால் நீட்டியபடியே இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியைப் பிரித்து நீளமாக மடித்து, தொடை நடுவிலிருந்து கணுக்கால் வரை காலுக்கு அடியில் வைத்து, துப்பட்டாவாலோ துண்டாலோ தொடையிலும் முன்னங்காலிலும் கட்டுங்கள். சில்லின் மேல் கட்டு வரக் கூடாது. கட்டிய பிறகு கால் விரல்கள் நீலமாகவோ மரத்தோ போனால் உடனே தளர்த்திவிடுங்கள்.

ஐஸ் வைக்கலாம். துண்டில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். எங்கள் பக்கம் ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மீன் பெட்டியில் கிடந்த ஐஸைக் காயத்தின் மேல் வைக்காதீர்கள். தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடிவிட்டு உடனே கிளம்புங்கள். சில்லுக்கும் தோலுக்கும் நடுவில் சதையே இல்லை. சின்னக் கிழிசல் வழியாகக்கூடக் கிருமி மூட்டுக்குள் போய்விடும். அந்தக் காயத்தில் மஞ்சள் தூள், காபித் தூள் எதுவும் வேண்டாம்.

நீவுவது கூடவே கூடாது. உள்ளே ரத்தக் கசிவு கூடும், ஒட்டிக்கொண்டிருந்த துண்டும் விலகும். நாட்டுக் கட்டு போடுகிறவர்கள் மேல் எங்கள் பகுதி மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். தலைமுறை தலைமுறையாக அங்கே போகிறார்கள். ஆனால் முட்டிச் சில்லுக்கு மட்டும் எந்தக் கட்டுக்கும் முன்னால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். விலகிய துண்டை வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தசையின் இழுப்பு அதைச் சேர விடாது.

ஷேர் ஆட்டோவில் போக வேண்டாம், முட்டியை மடக்கித்தான் உட்கார முடியும். தனி ஆட்டோவில் பின் சீட் முழுக்கக் காலை நீட்டி உட்காருங்கள், இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் பகுதிக்குப் பக்கம், எலும்புப் பிரிவும் அவசரப் பிரிவும் அங்கே இருக்கின்றன. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அந்தத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் வரம்புக்கு உட்பட்டுக் கட்டணமில்லாமல் கிடைக்கும். சேர்க்கும்போதே கேளுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் டீ, பன் எதுவும் வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்ரே பார்த்தபின்

சிலருக்குச் சில்லு பிறவியிலேயே இரண்டு பகுதியாக இருக்கும். மேல் வெளி மூலையில் ஒரு கோடு தெரியும், ஓரம் வழவழப்பாக இருக்கும். அது உடைவு இல்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த முட்டியையும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். பலருக்கு அங்கேயும் அதே கோடு இருக்கும்.

உண்மையான உடைவில், துண்டுகள் விலகாமல், காலையும் தூக்க முடிந்தால் அறுவை சிகிச்சை பெரும்பாலும் வேண்டாம். காலை நீட்டியபடி 4 முதல் 6 வாரம் மாவுக்கட்டோ நீண்ட பிரேஸோ போடுவார்கள். டாக்டர் சம்மதித்தால் அதோடு ஊன்றி நடக்கவும் செய்யலாம். இடைவெளி 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, மூட்டுப் பக்கம் எலும்பு படிக்கட்டாக ஏறி இறங்கி நின்றாலோ, கால் எழவில்லை என்றாலோ அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். இரண்டு கம்பியைச் சில்லுக்குள் செலுத்தி, அதைச் சுற்றி எட்டு வடிவத்தில் ஒயரை முறுக்கிக் கட்டுவது வெகு காலமாக நடக்கும் முறை. துண்டுகளைப் பொறுத்து ஸ்குரூவும் போடுவார்கள். "2 மில்லிமீட்டர்தானே" என்று வீட்டில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சில்லின் உட்பக்கக் குருத்தெலும்பு தொடை எலும்பின் மேல் வழுக்கி ஓட வேண்டிய இடம் அது. அங்கே சின்ன மேடு பள்ளம் நின்றாலும் பின்னாளில் மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடும்.

கட்டு இருக்கும் நாட்களில் சும்மா படுத்திருக்காதீர்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். டாக்டர் சரி என்றதும், முட்டியை நீட்டியபடியே தொடைத் தசையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டு வாரம் சும்மா விட்டாலே தொடை இளைப்பது கண்ணுக்கே தெரியும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கட்டைப் பிரித்ததும் முட்டி மரக்கட்டை மாதிரி இருக்கிறதே என்று பலர் அழுதே விடுகிறார்கள். பயப்படாதீர்கள், அது எதிர்பார்த்ததுதான். குதிகாலைப் பாயில் இழுத்து இழுத்து மடக்கப் பழக வேண்டும். வேறு யாரும் வலுக்கட்டாயமாக அழுத்தி மடக்கக் கூடாது. வழக்கமான வேலைக்குத் திரும்ப 3 முதல் 6 மாதம் ஆகும். அதுவரை குந்தி உட்காரும் கழிப்பறை வேண்டாம். குந்தும்போதுதான் சில்லின் மேல் அழுத்தம் அதிகம். முன்பு குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்புகளில் மேற்கத்திய கழிப்பறை இல்லாத வீடு நிறைய. கடையில் கிடைக்கும் கமோட் நாற்காலியைக் குழிக்கு மேல் வைத்துக்கொண்டால் போதும். வண்டி ஓட்டுவதும் அப்படித்தான். வலது கால் என்றால் பிரேக்கை அழுத்தி மிதிக்கத் தெம்பு வர வேண்டும், எந்தக் கால் என்றாலும் சிக்னலில் வண்டியைத் தாங்கத் தெம்பு வர வேண்டும். டாக்டரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். பின்னால் கம்பி தோலைக் குத்திக்கொண்டு உறுத்தினால், எலும்பு நன்றாகச் சேர்ந்த பிறகு அதை எடுத்துவிட முடியும்.

உடையாமல் பார்த்துக்கொள்ள

காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியற்காலை ஏல நேரத்தில் தரையைப் பாருங்கள். உருகிய ஐஸ் தண்ணீர், மீன் வழுவழுப்பு, அங்கங்கே செதில். அந்தத் தரையில் பெண்கள் தேய்ந்த ரப்பர் செருப்போடு தலையில் கூடை வைத்து நடக்கிறார்கள். வழுக்கினால் கையை ஊன்ற வழியில்லை, இரண்டு கையும் கூடையைப் பிடித்திருக்கும். நேராக முட்டிதான் தரையில் இறங்கும். மெட்ரோ வாட்டர் லாரி வந்ததும் சின்டெக்ஸ் டேங்கைச் சுற்றி நனைந்த தரையில் குடத்தோடு ஓடும்போதும் இதே கதைதான்.

செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வரிகள் மறைந்து வழவழவென்று இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். துறைமுக வேலைக்கு அடியில் ஆழமான வரி உள்ள கம்பூட் நல்லது. கூடையை ஒரே நடையில் முடிக்க வேண்டும் என்று நிரப்பாதீர்கள். வழுக்கும்போது கூடையை விட்டுவிடுங்கள். மீன் சிதறினால் அள்ளிக்கொள்ளலாம். இதை வீட்டில் பெண்களிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் சரக்கைக் காப்பாற்றத்தான் அவர்கள் கை முதலில் போகும். படியில் குடம் தூக்கும்போது ஒரு கை கைப்பிடிக்கு வேண்டும், அதனால் ஒரு தடவைக்கு ஒரு குடம்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் டூவீலர் ஓட்டுகிறவர்கள் சாலை ஓரத்து மணலை நம்பக் கூடாது. அதன் மேல் பிரேக் பிடித்தால் வண்டி படுத்துவிடும், முட்டி தார்ச்சாலையில் உராயும். தினமும் அந்த வழி போகிறவர்கள் வெளியே கெட்டியான மூடியும் உள்ளே நுரையும் உள்ள ரைடிங் முட்டிக் காப்பு வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் துணி நீ கேப் மோதலைத் தாங்காது. காரில் முன்சீட்டில் பெல்ட் போட்டு, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள். டேஷ்போர்டில் கால் தூக்கி வைக்காதீர்கள். ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் முட்டி வெளியே தெரிய உட்காருவதை விட்டுவிடுங்கள். பஸ் நின்ற பிறகு இறங்குங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொடுங்கையூர் தெருக்களில் தண்ணீர் நின்றால் மூடியில்லாத வடிகால் கண்ணுக்குத் தெரியாது. குடையை மூடிக் கோல் மாதிரி முன்னால் ஊன்றிப் பார்த்து நடங்கள். வீட்டுக் குளியலறையில் பாசி ஏறினால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வயதானவர்கள் இருந்தால் இரவு விளக்கும் சுவரில் கைப்பிடியும் வையுங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலைசுற்றி விழுவது குறையும்.

வியாசர்பாடிப் பிள்ளைகள் மண் மைதானத்தில் வெறுங்காலோடு பந்தாடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். கோல்கீப்பராக நிற்கும் பிள்ளைக்கு மட்டுமாவது நுரை வைத்த முட்டிக் காப்பு வாங்கிக் கொடுங்கள். முன்னங்காலில் மாட்டும் ஷின் கார்டு முட்டியை மறைக்காது. ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் கல், கண்ணாடி பொறுக்குவதைப் பிள்ளைகளுக்கே பழக்கமாக்குங்கள். குதித்து இறங்கும்போது இரண்டு முட்டியும் கொஞ்சம் மடங்கி, பாத விரல்களின் திசையிலேயே நிற்கட்டும்.

50 வயதுக்கு மேல், நின்ற இடத்திலேயே விழுந்து எலும்பு உடைந்தால் கட்டோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். கேழ்வரகுக் கூழ், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, காரப்பொடி மீன் எல்லாம் சுண்ணாம்புச் சத்து உள்ளவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கருவாடு மட்டும் பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பு அதிகம். பீடி, சிகரெட் எலும்பைப் பலவீனமாக்கும், உடைந்த எலும்பு சேர்வதையும் தாமதமாக்கும்.

தொடைத் தசைக்கு வலு கொடுக்க ஜிம் தேவையில்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாகத் திரும்ப உட்காருங்கள். உட்காரும்போது மூன்று எண்ணுங்கள், தடாலென்று விழக் கூடாது. முதல் வாரம் 5 தடவை, பிறகு 10 என்று ஏற்றுங்கள். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நில்லுங்கள். சாதம் வேகும் நேரத்தில் இரண்டையும் முடித்துவிடலாம். ஏற்கெனவே முட்டி வலி இருப்பவர்கள் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு தொடங்குங்கள். செய்யும்போது சில்லுக்கு உள்ளே குத்தினாலோ, மறுநாள் முட்டி வீங்கினாலோ நிறுத்திவிட்டு ஒரு பிசியோவிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.